தலையில் தேய்த்த தேசிக்காய்

எட்டு வயதில் நான் கடிப்பேன். வாயால் வெல்ல முடியாவிட்டால் பல்லால் வெல்வேன். மல்லாவியில் எங்கள் வகுப்பில் என் பல் படாத கைகள் குறைவு. காய்ச்சலுக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில் அம்மா இதை டொக்டரிடம் முறையிட்டாள்.

"மூளையில சுரக்கிற சாமான் கூடினாலும் குறைஞ்சாலும் சில பிள்ளையளுக்கு இப்பிடி ஆத்திரம் வரும். வளர வளரச் சரிவரும்" என்றார் அவர்.

அம்மா 'மூளை' என்றது வரைக்கும்தான் கேட்டாள். மூளைக்கு அவள் அறிந்த ஒரே வைத்தியம், சித்தம் கலங்கியவர்களின் தலையில் எலுமிச்சங்காயை, எங்கள் பேச்சில் தேசிக்காயை, தேய்ப்பது. அடுத்த நாள் காலை என்னைக் கிணற்றடியில் இருத்தி, பாதித் தேசிக்காயை உச்சியில் வைத்துத் தேய்த்தாள். சாறு கண்ணுக்குள் வழிந்தது. எரிந்த கண்ணோடு பள்ளிக்கூடம் போய் இரண்டு பேரைக் கடித்தேன்.

"மூளைச் சூடு இன்னும் தணியேல்லை" என்று அம்மா முழுத் தேசிக்காய்க்கு மாறினாள்.

மூன்றாம் நாள் நான் ஓடினேன். ஒரு கையில் தேசிக்காயும் மறு கையில் பூவரசந் தடியுமாகத் துரத்திப் பிடித்த அம்மா, "ஆத்திரப்படாதை எண்டு எத்தினை தரமடி சொல்லுறது!" என்று கத்தியபடி காலில் நாலு போட்டாள்.

வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமி சொன்னார்:

"அவளை விடுங்கோ. அந்தத் தேசிக்காயை உங்கடை தலையிலை தேயுங்கோ."