மங்கை டீச்சர் கொடுத்துவிட்டுப் போன மூளை

பால் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "மங்கை போயிட்டா மேடம். அவ சொன்ன மாதிரி செஞ்சிடணும், சீக்கிரம் வாங்க" என்றார் மங்கை டீச்சரின் கணவர் சேகர். அழக்கூட நேரமில்லை. டீச்சரின் மூளையைச் சில மணி நேரத்துக்குள் எடுத்து ஆய்வுக்கு அனுப்பியாக வேண்டும். அது அவர் இட்ட கட்டளை.

அவரிடம் விலங்கியல் படித்த உங்களுக்கு அந்தக் குரல் மறந்திருக்காது. பக்கத்து அறையில் வேதியியல் நடத்திய எனக்கே பாதிப் பாடம் மனப்பாடம். நடுக்குவாதம் வந்து சாக்பீஸ் விரலில் நிற்காமல் போனபோதும், "கைதான் ஆடுது, வாய் ஆடலியே" என்று பன்னிரண்டாம் வகுப்பை நடத்தி முடித்தார்.

சேகர் சாருக்குச் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை யூனிட். மூளைச் செல்களுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா வயதாக ஆகத் தளரும், தனக்கு அது மோசமாகக் கெட்டிருக்கிறது என்று டீச்சர் விளக்கியதும், மனிதர் சூளைக்காரர் புத்தியைக் காட்டிவிட்டார். சூடு குறைந்தால் எரிபொருளைக் கூட்ட வேண்டியதுதானே! காலையும் மாலையும் குளுக்கோஸ் தண்ணீர், நெய் உருண்டை. எடை ஏறியதுதான் மிச்சம். "எரிபொருளுக்கு என்னங்க குறைச்சல்? பர்னரே கெட்டுப்போச்சு" என்று சிரித்துச் சிரித்து டீச்சருக்குப் புரையேறியது.

ஆனால் டீச்சர் அதோடு விடவில்லை. மைட்டோகாண்ட்ரியா கெடுவதால் செல் சாகிறதா, செல் நலிவதால் அது கெடுகிறதா என்று டாக்டரிடமே கேட்டார். முழுசாக இன்னும் தெரியாது என்றார் டாக்டர். "தெரியலன்னா பாக்கட்டும். என் மூளைய எடுத்துக்கட்டும்" என்றார் டீச்சர்.

டீச்சர் இறந்த அன்று, மூளையை எடுக்க உடலைக் கொண்டுபோக வந்த ஆம்புலன்ஸை, கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த அவர் அண்ணன் மறித்துக்கொண்டார். "தலைய அறுத்தா அனுப்புவாங்க? எந்த ஊரு நியாயம் மாப்ள இது?" எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

சேகர் சார் கை கூப்பினார். "ஒவ்வொரு தடவை சூளை பிரிக்கும்போதும் நல்ல பொம்மையில ஒண்ண உடைச்சுப் பாக்கறேன் மச்சான், உள்ள வெந்திருக்குதான்னு. பொம்மைக்கே அப்படி. எம் பொண்டாட்டிய எது கொன்னுச்சுன்னு பாக்க வேணாமா?"

அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு அவரே வண்டியின் கதவைத் திறந்துவிட்டார். மாலையில் டீச்சர் முகம் மாறாமல் வீடு திரும்பினார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதத்தை. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத மூளைகளும் வேண்டுமாம். போன வாரம் நானும் என் மூளையை எழுதிக் கொடுத்துவிட்டேன். என் மகன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசுவான். பேசாவிட்டாலும் நான் மாற்றப்போவதில்லை.