கன்னிக்காலுக்குக் கீழே ஒரு குழாய்

என் தங்கச்சிக்குப் பேசிய மாப்பிள்ளையின் பெரியம்மா ஹவுன்ஸ்லோவிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, மோர்டனில் எங்கள் வீட்டுப் பின்வளவின் நடுவில் நின்று, கைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்தார். ஊசி ஆடியது. நிற்க விருப்பமில்லாததுபோல் இன்னும் ஆடியது. பிறகு நின்றது. அவர் ஈரப் புல்லில் நடந்துபோய், ஆப்பிள் மரத்துக்கும் வேலிக்கும் இடைப்பட்ட மூலையில் குதிக்காலால் ஒரு அழுத்து அழுத்தினார்.

"இதிலதான் கன்னிக்கால் ஊண்ட வேணும். ஈசான மூலை."

அந்தக் குதிக்காலுக்குக் கீழே, ஒரு முழ ஆழத்தில், எங்கேயோ, நான் வசந்தத்தில் புதைத்த தண்ணீர்க் குழாய் கிடந்தது. வயிறு முட்டத் தண்ணீருடன், அழுத்தம் குறையாமல், இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"இதுக்குக் கீழ ஒண்டும் இல்லைத்தானே?" என்று பெரியம்மா கேட்டார்.

"ஒண்டும் இல்லையக்கா. வெறும் மண்," என்றாள் என் மனைவி, நான் வாய் திறக்க முதல்.

மனைவியைக் குறை சொல்ல ஏலாது. அந்தக் கேள்விக்கு வேறு எந்தப் பதிலும் அந்த வளவில் நிற்க இடமில்லாமல் இருந்தது. கலியாணத்துக்கு ஒரு கிழமை. அதற்கு முன் பெண் வீட்டில் பச்சைத் தடி ஒன்றை நட்டு, நவதானியம் இட்டு, சுமங்கலிகள் ஐந்து பேர் பால் வார்க்கவேண்டும். லண்டனில் முக்கால்வாசிப் பேர் வாளியில் மண் நிரப்பி அதற்குள் நட்டுவிட்டுப் போவார்கள். நானும் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"அக்கா, இப்ப எல்லாரும் வாளிக்குள்ளதானே நடுகினம்."

"போன முறை வாளிக்குள்ளதானே நட்டனீங்கள்," என்றார் பெரியம்மா. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

போன முறை என்பது சில வருடங்களுக்கு முன் என் தங்கச்சிக்கு நிச்சயமாகி, மண்டபம் பிடித்து, கால் நட்டு, அதன்பின் நின்றுபோன கலியாணம். மாப்பிள்ளைக்குக் கனடாவில் வேறொருத்தி இருந்தாள். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பேச்சு வாளியில்தான் போய் முடிந்தது. ஒரு செத்தவீட்டில், "வாளியைத் தூக்கிக்கொண்டு போனமாதிரிக் கலியாணத்தையும் தூக்கிக்கொண்டு போயிட்டினம்" என்று யாரோ சொல்லிச் சிரித்தது, குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த தங்கச்சிக்கே கேட்டது. அதற்குப் பிறகு அவள் எந்த வீட்டுக்கும் வரவில்லை. வேலை, ரயில், அறை, வேலை. முப்பத்தைந்தைத் தாண்டியபின் இந்த மாப்பிள்ளை வந்து, ஆறுதலாகப் பேசி, அவளைச் சிரிக்கவும் வைத்தார். பேச்சு முற்றான அன்று அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"அண்ணை, இந்தமுறையும் ஏதும் பிழைச்சால், இனி நான் ஒருத்தருக்கு முன்னாலயும் சீலை கட்டிக்கொண்டு வந்து நிக்கமாட்டன்."

குழாயும் அவளுக்காகப் புதைத்ததுதான். அதற்கு முந்தின கோடையில் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடத் தடை போட்டிருந்தார்கள். புல் தும்புத்தடிபோலக் காய்ந்தது. கலியாணப் படங்களில் இந்த வளவு பச்சையாகத் தெரியவேண்டும் என்று எனக்கொரு வெறி பிடித்தது. நிலத்துக்குள் ஒளிந்திருந்து, நேரம் வந்ததும் தானாகத் தலை தூக்கித் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்ளர். ஆள் வைத்துச் செய்ய மனம் வரவில்லை. சனி ஞாயிறுகளில் நானே புல்லைக் கீறி, ஒடுங்கிய கிடங்குகள் வெட்டி, நீலக் குழாயை இறக்கினேன். ஆப்பிள் மரத்தின் வேர் குறுக்கே வந்தது, வளைத்தேன். பழைய வீட்டுக்காரர் புதைத்துவிட்டுப்போன கொங்கிரீட் வந்தது, மறுபக்கம் வளைத்தேன். மழை வந்தது, அவசரமாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டு உள்ளே ஓடினேன்.

அந்த மழை பிறகு கோடை முழுவதும் விடவேயில்லை. என்னுடைய ஸ்ப்ரிங்ளர் தலைகள் புல்லுக்குள்ளிருந்து எழும்பித் தெளிக்க, மேலேயிருந்து வானமும் தெளிக்கும். "மழைக்குக் கீழ இன்னொரு மழை. இந்தக் கூத்துக்கு டிக்கட் போடலாம்," என்று மனைவி குசினி யன்னலில் நின்று சிரிப்பாள்.

பெரியம்மா போனபின் தங்கச்சி வளவுக்கு வந்தாள். இரண்டு கைகளையும் ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு மூலையைப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. இதுக்குள்ள பைப் போகுதோ?"

"போகுது. ஆனா எந்த இடத்திலயெண்டு சரியாத் தெரியேல்லை."

"குழி இடிக்கிற அலவாங்கு பட்டால்?"

"பட்டால் தண்ணி சீறும். நட்ட காலையும் தூக்கி எறியும்."

"இடத்தை மாத்தேலாதோ?"

"மாத்தலாம். ஏன் மாத்தினதெண்டு பிறகு கதைப்பினம்."

ஆப்பிள் மரத்திலிருந்து கடைசி இலைகள் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் விழும்போது அவள் அதையும் பார்த்தாள்.

எப்படியும் பனிக்காலத்துக்கு முன் குழாயிலிருந்து தண்ணீரை வெளியேற்றவேண்டும். விட்டால் உறைந்து, வீங்கி, குழாயைப் பிளக்கும். கலியாணம் முடிந்து ஆறுதலாகச் செய்யலாம் என்றுதான் இருந்தேன். இப்போது அதை முதலில் செய்தால், அலவாங்கு பட்டாலும் வெறுங்குழாயில் படும். காற்று போகும். காற்றை யார் பார்ப்பார்கள்?

தோர்ண்டன் ஹீத்தில் டயர்க் கடை வைத்திருக்கும் என் பள்ளிக்கூடச் சிநேகிதனிடம் காற்றடிக்கும் கம்ப்ரஸரை இரவல் கேட்டுப் போனேன். அதைக் காரில் ஏற்றிவிட்டுக் கையைத் துடைத்தபடி சொன்னான்: "மச்சான், டயருக்கு அடிக்கிறமாதிரி அடிச்சியெண்டால் உன்ர புல்லெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயிடும். மெல்ல மெல்ல அடி. பாம்பைப் புத்துக்குள்ள இருந்து கூப்பிடுறமாதிரி."

கன்னிக்காலுக்கு முதல்நாள் மத்தியானம், வீட்டுச் சுவரில் ஸ்ப்ரிங்ளருக்கென்று வைத்த, தண்ணீரை நிறுத்தும் பித்தளைப் பூட்டைத் திருகிப் பூட்டினேன். கம்ப்ரஸரைக் கொழுவினேன். அது உறுமியது. அழுத்தம் காட்டும் முள் ஏறியது. கூட அடித்தால் மண்ணுக்குள் குழாய் வெடிக்கும். குறைய அடித்தால் தண்ணீர் அசையாது. முதல் வரிசைத் தலைகள் எழும்பி இருமின. தண்ணீர், பிறகு புகைபோல் தூவல், பிறகு வெறும் காற்று. அடுத்த வரிசையும் அப்படியே. மூலைக்குப் போகும் குழாய் மட்டும் ஏதோ முணுமுணுத்துவிட்டு மௌனமானது. நான் வளைத்து வளைத்துப் போட்ட இடம் அது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நிற்குமோ? மண்ணில் காதை வைத்துக் கேட்டேன். என்னுடைய நெஞ்சுதான் கேட்டது.

அடுத்தநாள் விடிய எழும்பிப் போய்ப் பார்த்தால், பூட்டுக்குக் கீழே, நேற்றுக் கம்ப்ரஸரைக் கழற்றித் துடைத்துவிட்ட குழாய் வாயில், ஒரு துளி தண்ணீர் தொங்கியது. துடைத்தேன். இன்னொன்று வந்தது. பூட்டு முழுதாகப் பூட்டவில்லை. அந்தத் துளிகள் எல்லாம் சேர்ந்து குழாயைத் திரும்பவும் நிரப்பியிருக்கும்.

இனி ஒரே வழி, வீட்டுக்கு வரும் தண்ணீரையே நிறுத்துவது. பின்னாலிருந்து தள்ளும் அழுத்தம் இல்லாவிட்டால் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் சீறாது. அந்தத் திருகு குசினித் தொட்டிக்குக் கீழே, சவர்க்காரப் போத்தல்களுக்குப் பின்னால். ஆனால் குசினியில் சோறு வெந்துகொண்டிருந்தது. பெண்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். கடைசி நேரத்தில்தான் பூட்டலாம். அந்த நேரத்தில் மனைவி பால் செம்போடு மூலையில் நிற்கவேண்டும். நான் அலவாங்கோடு நிற்கவேண்டும்.

"நான் பூட்டுறன்," என்றாள் தங்கச்சி. தலைக்குப் பூ வைத்து, மஞ்சள் பட்டுச்சீலை கட்டியிருந்தாள். "ஐயர் கூப்பிடும்வரைக்கும் நான் உள்ளுக்குத்தானே இருக்கவேணும்."

"சீலையோட தொட்டிக்குக் கீழ போவியோ?"

"போவன். பூட்டினதும் யன்னலால கையைக் காட்டுறன். அதுக்கு முதல் இடிச்சிடாதேங்கோ அண்ணை."

ஐயர் மந்திரம் சொல்லி, மூலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, இதுதான் இடம் என்று காட்டினார். பெரியம்மா கைகட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றார். நான் அலவாங்கைப் பிடித்தபடி யன்னலைப் பார்த்தேன். கண்ணாடி. கண்ணாடியில் ஆகாயம்.

"நேரம் போகுது, தம்பி," என்றார் ஐயர்.

யன்னல் வெறுமையாக இருந்தது. உள்ளேயிருந்து யாரோ ஒரு பெண், "ஐயோ, தண்ணி நிண்டிட்டுது," என்று சத்தமாகச் சொன்னாள். பெரியம்மாவின் தலை சடாரென்று வீட்டுப் பக்கம் திரும்பியது. அவர் முகத்தில் வாளி தெரிந்தது, கனடா தெரிந்தது, எல்லாம் தெரிந்தது. உடனே தங்கச்சியின் குரல், ஆறுதலாக:

"நான்தான் பூட்டினனான். குசினிப் பைப் ஒழுகுது. கொஞ்சம் பொறுங்கோ."

யன்னலில் ஒரு கை எழும்பியது. வளையல்கள் நிறைந்த கை.

இடித்தேன். புல், கறுப்பு மண், களி. இன்னொரு இடி. மூன்றாம் இடியில் அலவாங்கின் நுனி ஏதோ ஒன்றில் பட்டு மெல்லத் துள்ளியது. கல் இப்படித் துள்ளாது. வேரும் துள்ளாது. பிளாஸ்டிக்தான். என் உள்ளங்கை உடனே அதை அடையாளம் கண்டது, தன் பிள்ளையை இருட்டில் தடவி அறிவதுபோல. ஐயர் காட்டிய இடம் இதுதான். ஆழம் காணாது, இந்த ஆழத்தில் நட்டால் தடி சாயும். சாய்ந்த காலைப் பற்றி என்ன சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

வேலையெல்லாம் என்னுடையது. வெட்டினதும் நான், வளைத்ததும் நான். அலவாங்கைத் தூக்கி என் முழுப் பாரத்தோடும் இறக்கினேன்.

நிலம் ஒரு பெருமூச்சு விட்டது. நீளமாக, ஈரமாக. அதன்பின் ஒரு செம்பளவு தண்ணீர் கலங்கலாக மேலே வந்து, குழி விளிம்பில் தயங்கி நின்றது. அது ஏறவில்லை. மெல்ல இறங்கியது.

பெரியம்மா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மற்றப் பெண்களைப் பார்த்து, "ஈரம் உள்ள நிலம். நல்லது," என்றார்.

மனைவி பால் செம்பை வாய்க்கு நேரே பிடித்து இருமினாள். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

தடியை இறக்கினேன். மண் போட்டு மிதித்தேன். ஐயர் கூப்பிட, தங்கச்சி வெளியே வந்தாள். முழங்கைவரைக்கும் நனைந்திருந்தது, கொண்டையில் ஒரு பூ கழன்று தோளில் தொங்கியது. நடந்து வந்து, நட்ட காலைத் தொட்டு, கண்ணை மூடினாள். நான் அந்தத் தோளிலிருந்த பூவை எடுத்துவிட்டேன்.

எல்லோரும் சாப்பிட உள்ளே போனபின் அவள் தண்ணீரைத் திறந்துவிட்டு மூலைக்கு வந்தாள். நான் அசையாமல் தடியின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழுதான பூட்டு வழியே துளித் துளியாகத் தண்ணீர் வரும். எவ்வளவு வரும் என்பதுதான் தெரியாது. மண்ணில் ஒரு ஈர வட்டம் தெரிந்தது. உள்ளங்கை அளவு. கொஞ்சம் விரிந்தது. பிறகு அது அதே அளவில் நின்றுவிட்டது.

அவள் தடியைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"வாங்கோ அண்ணை, சோறு ஆறுது," என்றாள்.

அந்த ஞாயிறு கலியாணம் நடந்தது. படம் எடுக்கவேண்டிய நேரம் மழை பெய்தது. புல்லை ஒருவரும் பார்க்கவில்லை. வசந்தத்தில் குழாயைத் திருத்த மண்வெட்டியோடு போனேன். தடியைப் பிடுங்கினால்தான் திருத்தலாம். தங்கச்சிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அவளுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அது மாப்பிள்ளைதான் என்றாள்.

"அதை விடுங்கோ அண்ணை. பைப்பை வேற பக்கத்தால கொண்டுபோகேலாதோ?"

"ஏலும்," என்றேன். மறுபடியும் வளைத்தேன்.