புடவை தடவி வளர்த்த கத்தரி நாற்று

எங்கள் தெரு கல்பனா அக்கா ஒரகடத்து செல்போன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கத்தரி நாற்று வளர்க்க ஆரம்பித்தபோது, ஊரே வரிசையில் வந்து புத்தி சொன்னது. அவள் வீட்டுக்காரர் கோபால் மட்டும் பச்சை வலையில் பந்தல் போட்டுக்கொடுத்து, "மொத தபா நாத்து வித்துச்சுன்னா சரி. விக்கலன்னா மறுபடியும் கம்பெனி பஸ்ஸுதான்" என்றார். அந்த பஸ் விடிவதற்கு முன்பே வந்துவிடும். அவர்கள் பாப்பா கண்விழித்து அம்மா முகத்தைப் பார்த்த நாட்கள் குறைவு.

அக்காவுக்கு எதிலும் கொசுறு போட்டாக வேண்டும். மாவு கேட்டால் ஒரு கரண்டி கூடுதல். உத்திரமேரூர் கடையில் வாங்கிய வளர்ச்சி மருந்திலும் அளவுக்கு மேல் ஒரு மூடி ஊற்றினாள். "சின்னப் புள்ளைங்க, குடிக்கட்டுமே!"

குடித்தன. தண்டில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சுவர் உண்டு. அந்த மருந்தில் இருக்கும் ஹார்மோன் சுவரை இளக்கும். உள்ளே தண்ணீர் நிறைந்து செல் நீளும். அப்புறம் சுவர் கெட்டிப்பட வேண்டும். அதற்கு நேரமே தராமல் நீண்டுகொண்டே போனால்? கல்யாணப் பந்தி முடித்த மாமாக்கள் மாதிரி நாற்றெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன.

"இன்னாக்கா, கத்திரியா சேமியாவா?" என்றேன். துடைப்பத்தை எடுப்பாள் என்று பார்த்தால், எடுக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அந்த வாரமே, "டேய், இங்க வந்து பாருடா!" என்று கத்தினாள். கொடியில் காயும் துணி காற்றில் ஆடி, ஓரத்துத் தட்டுகளில் இருந்த நாற்றை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த நாற்று மட்டும் குட்டையாக, தடியாக நின்றது. உரசல் பட்டால் செடி வேறு ஹார்மோனைச் சுரந்து, உயர்வதைக் குறைத்துத் தண்டைக் கெட்டிப்படுத்துமாம். போனில் தேடிப் பார்த்தோம்.

அன்று முதல் காலையும் மாலையும் பழைய புடவையை ஆளுக்கொரு முனை பிடித்து, நாற்றுகளின் தலைமேல் மெல்ல இழுத்தோம்.

"செடிக்குப் பேன் பாக்குறீங்களா?" என்றார் கோபால்.

"வா மாமா, உனுக்கும் பாக்கறேன், குந்து" என்றாள் அக்கா.

பெருநகரிலிருந்து நாற்று வாங்க முத்துகிருஷ்ணன் டெம்போவில் வந்தார். ஒரு நாற்றை விரலால் வளைத்துவிட்டார். நிமிர்ந்தது. இன்னொன்று. அதுவும் நிமிர்ந்தது. தேறாமல் படுத்தே கிடந்த தட்டுகளைத் தள்ளிவிட்டு, மீதி நாற்றைத் தட்டிலிருந்து எடுத்து ஏற்றச் சொன்னார்.

"அடுத்த மாசம் மொளகா நாத்து கெடைக்குமாம்மா?"

"கெடைக்கும்ண்ணா."

டெம்போ போனதும் அக்கா பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, அங்கேயே குந்தி அழுதாள். நான் பார்க்காதவன்போல் ஹோஸை எடுத்துத் தண்ணீர் விட்டேன், காலித் தட்டுகளுக்கும் சேர்த்து.