ஷிப்ட் முடிந்த காதும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும்

நெய்வேலிச் சுரங்கத்தில் ஒருவர் ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் கட்டில், பீரோ முதல் பூந்தொட்டி வரை விலைக்குப் போகும். போன வருஷம் காய்கறிக் கடைச் சுவரில் அப்படி ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கடைசி வரியில், கிரைண்டருக்கும் கீழே, 'வெளிநாட்டு ஸ்பீக்கர் ஒரு ஜோடி' என்று எழுதி, கம்பெனிப் பெயரும் போட்டிருந்தார்கள். அந்தப் பெயரைப் படித்தவன் காய் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் மெக்கானிக். பத்தாவது வரைதான் படிப்பு. பாட்டுக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு பழக்கமில்லை. அந்தப் பெட்டிகளை போனில் படமாகப் பார்த்திருக்கிறேனே தவிர, அவற்றின் ஓசையைக் கேட்டதில்லை. புதிதாக வாங்கினால் இரண்டு லட்சத்துக்கு மேல். சீட்டில் அந்த ரிட்டயர் ஆன ஆபீசர் போட்டிருந்தது நாற்பத்தைந்தாயிரம். ஏசி வாங்க நானும் மனைவியும் சேர்த்து வைத்திருந்தது ஏறக்குறைய அவ்வளவுதான். பெட்டிகளோ பதினைந்து வருஷப் பழசு.

வெள்ளிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்ததும், யூனிபார்மோடு நேரே அந்த ஆபீசர் வீட்டுக்குப் போனேன். கேட்டில் கை வைக்கவே கூச்சம். இரண்டு முறை தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் முறை அவரே பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்.

இடுப்பு உயரத்துக்கு, பளபளவென்று, இரண்டு தேக்கு நிறப் பெட்டிகள். முன்பக்கத்துத் துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியிருந்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். அது ஸ்பாஞ்சாக இருந்தால் பத்து வருஷத்தில் பொரியைப் போல உதிர்ந்துவிடும். ரப்பராக இருந்தது. அவர் நாதஸ்வரத்தைப் போட்டார்.

ஏமாற்றமாகிவிட்டது. போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல இருந்தது. கூடவே வர வேண்டிய தாளத்தின், அந்த ஜால்ராவின், சின்ன ஓசையைக் காணவே காணோம். போதாததற்கு இடது பெட்டியில் கரகரப்பு வேறு. யோசித்துச் சொல்வதாக முனகிவிட்டுக் கிளம்பினேன். பண்ருட்டியில் மைக்செட் வைத்திருப்பவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டிகளை எடுத்துப்போக வண்டியோடு வருகிறார் என்று ஆபீசர் வாசலில் நின்று சொன்னார்.

வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். பெட்டிகளில் ட்ரெபிள், அந்த மேல்ஓசை, செத்துவிட்டது, வீண் செலவு, ஏசியே வாங்கிக்கொள்ளலாம் என்றேன். மனைவி பக்கத்து ஊரான முத்தாண்டிக்குப்பத்துக்காரி. சிரிக்காமல் கிண்டல் செய்வாள்.

"ஷிப்ட் முடிச்சி நேரா அங்கியா போனீங்க?"

"ஆமா."

"நீங்க ஷிப்ட் முடிச்சி வந்தா குக்கர் விசிலே உங்க காதுல உழாது. பக்கத்துல உக்காந்துகினு 'இன்னும் வரலியா'ம்பீங்க. அந்தக் காத எடுத்துகினு போயி அவர் பொட்டிய கொற சொல்லிட்டு வந்தீங்களா?"

சோறு கையிலேயே நின்றது. அவள் சொன்னது சரி. பேரிங் தேய்கிற சத்தம் வருகிறதா என்று கேட்பதற்காக நான் காதடைப்பானை அடிக்கடி கழற்றிவிடுவேன். பெல்ட்டை இழுக்கிற அந்தப் பெரிய மோட்டார்களுக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்ற காது இரவு தூங்கி எழுந்தால்தான் தெளியும். இத்தனை வருஷமாகத் தெரிந்த சங்கதி, ஆசையில் மறந்துபோயிற்று.

மறுநாள் எனக்கு வார லீவு. காலையில் காகம் கூரையில் நடப்பது கூடக் கேட்டது. வேண்டாம் என்பது போல முனகிவிட்டு வந்த வீட்டுக்கு மறுபடி எப்படிப் போவது என்று நான் சட்டைக்குப் பித்தான் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தேன். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நா கேக்கறன் வாங்க."

அங்கே அவள்தான் கேட்டாள், இன்னொரு தரம் போட்டுக் காட்டச் சொல்லி. அவர் அதே நாதஸ்வரத்தைப் போட்டார்.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. சீவாளியில் உதடு படுவது கேட்டது. முந்தின நாள் காணாமல் போன தாளம், ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக, ஒரு ஆள் உயரத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றது. மனைவி என்னைப் பார்க்காமல், பெட்டிகளுக்கு நடுவே யாரோ உட்கார்ந்திருப்பது போல வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் இடது பக்கக் கரகரப்பு அப்படியேதான் இருந்தது. பெட்டிக்குள் கோளாறு என்றால் அதற்குப் பார்ட்ஸ் கிடைக்காது. பணம் மொத்தமும் பாழ். கோளாறு ஆம்ப்ளிபயரில் என்றால் எனக்குக் கவலையே இல்லை, என்னிடம் ஒன்று இருக்கிறது. இரண்டில் எது என்று பார்க்க ஒரே வழிதான். மோட்டார் விஷயத்தில் நாங்கள் தினமும் செய்வது. அதை ஒரு ஆபீசரிடம், அவர் வீட்டு ஹாலில் நின்று கேட்க வேண்டும்.

"சார், ஒயர மாத்திப் போட்டுப் பாக்கலாங்களா? இடத வலதுல, வலத இடதுல."

அவர் ஆம்ப்ளிபயர் பக்கம் திரும்பினார். "எனக்கு இது தோணவே இல்லையே. போடுங்க."

ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டு ஒயர்களை நானே மாற்றினேன். மறுபடி பாட்டு தொடங்கியது. நான் இடது பெட்டியின் மேல் காதை வைத்தேன். சுத்தம். வலது பெட்டிக்கு ஓடினேன். கரகரப்பு அங்கே வந்திருந்தது! கோளாறு ஆம்ப்ளிபயரில்தான்; இரண்டு பெட்டிகளிலும் ஒரு குறையும் இல்லை.

மனைவி பேரம் பேசுவதற்கென்றே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "எடுத்துக்கறன் சார். சொன்ன வெலைக்கே."

மினி லாரிக்குப் போன் செய்துவிட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாக வாசல்வரை நானே மார்போடு அணைத்துத் தூக்கி வந்தேன். "ரெண்டாயிரமாவது கொறச்சிருப்பாரு, வாய வெச்சிகினு சும்மா இருந்திருக்கலாம்" என்று அவள் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். சொல்லிக்கொண்டே பெட்டியின் ஒரு முனையைத் தாங்கியும் பிடித்தாள்.

லாரியின் பின்பக்கம், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் குடியிருப்பு பிளாக்குக்குள் வண்டி திரும்பியதும், சின்ன பிரிட்ஜா, பூஜை அலமாரியா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தெருவில் யார் கண்ணிலும் படாமல் நடக்கிற ஆள் நான். அன்றைக்கு டிரைவரை நிறுத்தச் சொல்லிச் சொல்லி, கேட்ட ஒவ்வொருவருக்கும் முன்பக்கத்துத் துணியைக் கழற்றிக் காட்டி, ரப்பர் ஓரம் வரைக்கும் விளக்கிவிட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்தேன்.