நெட்டையின் ஜோடி

அந்தக் கண்ணாடித் தொழிற்சாலை வாசலில் நெட்டையைத் தெரியாதவர் கிடையாது. கூட்டத்தில் தலை மட்டும் தனியாகத் தெரியும். நிரந்தர வேலையில் ராஜா மாதிரி இருந்தவன்தான். திடீரென்று ஒருநாள், இனிமேல் எல்லோரும் தினக்கூலி, காலையில் வாசலில் வந்து நில்லுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் போன தூக்கம் அவனுக்குத் திரும்பி வரவேயில்லை.

மேஸ்திரி ஆள் ஆளாகக் கூப்பிடமாட்டார், ஜோடியாகத்தான் கூப்பிடுவார். பெரிய கண்ணாடியைத் தூக்குகிற இருவருக்கும் தோள் உயரம் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் கண்ணாடி சாய்ந்து குட்டையானவன் மேல் இறங்கிவிடும். நெட்டைக்கு ஈடான உயரத்தில் அங்கே ஒரே ஒருவன்தான் இருந்தான், பிழைக்க வந்த வெளியூர்க்காரன். படி வருது, பள்ளம் வருது என்று நெட்டை சொல்லச் சொல்ல, அதை நம்பிப் பின்பக்கமாகவே நடப்பான்.

இந்த நேரத்தில்தான் தலைவர் ஒருவர் கிளம்பினார். "உங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டவன் வெளியூர்க்காரன்" என்று அவர் செல்போன் வீடியோவில் முழங்கியதைக் கேட்டு நெட்டைக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நம் வயிற்றெரிச்சலைப் பேச ஒருத்தராவது வந்தாரே!

"வேலையப் புடுங்கினது கம்பெனிதானே?" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

பாவம், அவன் முதலாளியின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. வெளியூர்க்காரன் முகத்தைத்தான் தினமும் பார்த்தான்.

அன்று காலை, சரக்கு குறைவு, பாதிப்பேருக்கு வேலையில்லை என்று வாசலில் பேச்சு அடிபட்டது. வீட்டில் அரிசி இல்லை. அப்போது பார்த்து, தலைவரின் ஆட்கள் வண்டியில் வந்து இறங்கினார்கள்.

"இங்க யாருப்பா வெளியூரு?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு ஆள் குறைந்தால் தனக்கு ஒரு இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டான் நெட்டை. அவன் கை வெளியூர்க்காரனை நோக்கி நீண்டது.

வந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தபோது வெளியூர்க்காரன் நெட்டையைப் பார்த்தான். "நான்தானேண்ணே உங்க ஜோடி" என்றான். நெட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது.

மேஸ்திரி வந்தார். ஜோடி ஜோடியாக உள்ளே போனார்கள்.

"நெட்டை, உன் ஆளு எங்க?"

"இன்னிக்கு வேற யாரையாவது போடுங்க, மேஸ்திரி."

மேஸ்திரி மிச்சமிருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். ஒருத்தனும் நெட்டையின் தோளுக்கு மேல் இல்லை.

"உயிரோட விளையாடச் சொல்றியா? ஜோடியோட வா, வேலை தர்றேன்."

கேட்டைச் சாத்திவிட்டார்கள். நெட்டை வெயிலில் அப்படியே நின்றான். போன் அடித்தது, மனைவிதான்.

"வேலை கெடைச்சுதா?"

"இல்ல" என்றான். "எல்லாம் அந்த வெளியூர்க்காரனாலதான்."

பொய் சொல்லவில்லை. மனசார நம்பித்தான் சொன்னான். சொல்லிவிட்டு, தலைவரின் கூட்டம் எங்கே என்று விசாரித்துக்கொண்டு நடந்தான்.