ரெஜினா டீச்சரின் மேல்மாடிச் சனிக்கிழமைகள்

ரெஜினா டீச்சர் போன செவ்வாய்க்கிழமை காலமானார். கம்பளையிலிருந்து கணினி ஆசிரியர் சிவகுமார் சேர் தொலைபேசியில் சொன்னபோது நான் கடையில் ஒரு பிரின்டருக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். "அப்ப சனிக்கிழமை?" என்றுதான் என் வாயில் வந்தது. "அதான் நானா, எனக்கும் தெரியல" என்றார் சேர். ஆசிரியர்களுக்கு நான் நானா, அதாவது அண்ணன்; ரெஜினா டீச்சருக்கு மட்டும் முதலாளி.

டீச்சரை அறிந்த உங்களுக்கு இந்தக் கேள்வி புரியும். மாதத்தின் முதல் சனிக்கிழமை, கட்டுகஸ்தோட்டையில் என் கம்ப்யூட்டர் கடையின் மேல்மாடியில் சுற்றுவட்டாரப் பாடசாலைகளின் கணினி ஆசிரியர்கள் கூடுவார்கள். கூட்டியவர் அவர்தான்.

அது தொடங்கியதே என் கடை வாசலில்தான். பழுதான மெஷின்களோடு மூன்று பாடசாலை ஆசிரியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றார்கள். அதில் ஒருவரான ரெஜினா டீச்சர் பக்கத்திலிருந்தவரிடம், "நீங்களும் கணக்கு டீச்சரா இருந்து இதுல மாட்டுனவங்களா?" என்று கேட்டார். "நான் மனையியல்" என்றார் பர்வீன் டீச்சர். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். கணினிப் பாடத்துக்குப் பாடசாலைக்கு ஒருவர்தான், அவரும் வேறு பாடத்திலிருந்து தள்ளிவிடப்பட்டவர். சந்தேகம் கேட்கப் பக்கத்து வகுப்பில் ஆளில்லை. அன்றே ரெஜினா டீச்சர் என்னிடம், "முதலாளி, மேல்மாடி சும்மாதானே கெடக்கு?" என்றார். ஆசிரியர்கள் ஏறி இறங்கினால் நாலு மெஷின் விற்கும் என்று நினைத்துக் கொடுத்தேன்.

ஆனால் அங்கே நடந்தது எனக்குப் பிடிபடவே இல்லை. வகுப்பில் சரியாக வராமல் போன பாடத்தைத்தான் ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். பாடம் சறுக்கியவர்தான் கீபோர்டின் முன்னால் உட்கார வேண்டும். தெரிந்தவர் கை வைக்கக் கூடாது. "வெளங்குனவங்க கீழ போய் டீ குடிங்க, வெளங்காதவங்க இருங்க" என்பார் டீச்சர். அவர் ஒருநாளும் டீ குடிக்க இறங்கியதில்லை. "எனக்கும் வெளங்கல" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். அத்தனை பேரிலும் அதிகம் தெரிந்தவர் அவர். அது நடிப்பு என்கிறார் சிவகுமார் சேர். உண்மையாகவே விளங்கவில்லை என்கிறார் பர்வீன் டீச்சர். எது சரியென்று எனக்கு இன்றும் தெரியாது.

ஒருமுறை மாடியிலிருந்த பழைய மெஷின்களை எடுத்துவிட்டுப் புதிதாக மூன்று வைத்தேன். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"பழசக் கொண்டாங்க முதலாளி."

"நல்ல மெஷின் இருக்கக்கொள்ள அது எதுக்கு டீச்சர்?"

"எங்க பள்ளிக்கூட மெஷின் தொறக்குறதுக்குள்ள புள்ளைங்க கத்த ஆரம்பிச்சிரும். அந்த நேரத்துல என்ன சொல்லிக்குடுக்குறதுன்னுதான் இங்க படிக்கிறோம்."

புதியவற்றை நானே இறக்கினேன். வியாபாரம் தெரியாத பெண் என்று அன்று நினைத்தேன். இன்று அப்படியும் நினைக்க முடியவில்லை.

டீச்சரின் ஊர் மடுல்கெல்லையில் அடக்கம் முடிந்த மறுநாள், மாதத்தின் முதல் சனிக்கிழமை. கூப்பிடாமலே எல்லோரும் வந்துவிட்டார்கள். மெஷின்கள் திறந்தன. யாரும் தொடங்கவில்லை.

பர்வீன் டீச்சர்தான் கேட்டார்: "மாடிய பக்கத்துப் போன் கடைக்காரருக்குக் குடுக்கப் போறீங்களாமே நானா?"

"கேக்குறார். நல்ல வாடகை."

"அப்ப நாங்க?"

"டீச்சர் இல்லாம நீங்க இங்க என்ன செய்வீங்க?" என்றேன். குத்தலாக இல்லை, தெரியாமல்தான் கேட்டேன்.

சிவகுமார் சேர் திரையைப் பார்த்தபடி சொன்னார்: "வெளங்கல நானா."

கீழே டீ தயாராக இருந்தது. ஒருவரும் எழும்பவில்லை. நானும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். ரெஜினா டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கதிரைதான். விளங்காதவர்கள் வரிசையில் ஓர் இடம்.

அங்கேயே பேசி முடித்தோம். போன் கடைக்காரருக்கு இல்லை. முதல் சனிக்கிழமை மாடி ஆசிரியர்களுக்கு. பழைய மெஷின்கள் அசையாது. அதற்கு வாடகை, கூட்டத்துக்கு எனக்கு ஒரு பாடம். எனக்கு விளங்கும்வரை நடத்த வேண்டும், கீபோர்டில் என் கை மட்டும்.