ஆடி வெள்ளியில் நட்ட பலகை

போன வருடம் ஆடி பிறந்த கையோடு அந்தக் கடிதம் வந்தது. இல்-பிசார் என்ற பகுதியில் வாங்கிய புது வீட்டுக்கான வெல்கம் டாக்ஸ். வீடு வாங்கியவர்கள் நகரசபைக்கு ஒரேயடியாகக் கட்டவேண்டிய வரி. முப்பது நாள் தவணை. எங்கள் கையில் ஒன்றுமில்லை.

பிழை எங்களுடையதுதான். செயின்ட்-மிஷேலில் இருந்த பழைய வீட்டை விற்காமலே புதியதை வாங்கினோம். "பழைய வீடு வித்தால்தான் வாங்குவம் எண்டு ஒரு நிபந்தனை போடுங்கோ அக்கா" என்று வீட்டு முகவர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். கேட்டோமா? வைகாசி முடியுமுன் பால் காய்ச்சிவிட வேண்டும் என்ற அவசரம். சேமிப்பு முழுவதும் முற்பணமாகப் போனது. பழைய வீட்டைத் தான் வாங்குவதாகக் கணவருக்குத் தெரிந்த ஒரு தமிழ் அண்ணை வாயால் சொல்லியிருந்தார். அதை நம்பி, முகவர் தந்த 'விற்பனைக்கு' பலகையை பேஸ்மென்டில் போட்டுவிட்டோம். வீதிக்கெல்லாம் தெரிந்தால் கண்ணூறு படும் என்று சொன்னவள் நான்தான்.

கடிதம் வந்ததும் அண்ணையைக் கேட்டோம். "ஆடியில ஆரும் வீடு எழுதுவினமோ தங்கச்சி? ஆவணி பிறக்கட்டும், பாப்பம்" என்றார். ஆவணிக்கு முன் தவணை முடிந்துவிடும். பழைய வீட்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் இடைக்காலக் கடன் தருவோம் என்றது வங்கி. இரண்டு வீட்டுக்கும் மாதாமாதம் மோட்கேஜ் கடன் போய்க்கொண்டிருந்தது. புது வீட்டையே விற்க வேண்டிவருமோ என்று பேசத் தொடங்கினோம்.

நாங்கள் இன்னும் பழைய வீட்டில்தான் இருந்தோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் கறியை வைத்துவிட்டு வாசலுக்கும் குசினிக்கும் நடப்பேன், கறி அடிப்பிடிக்கும். கணவரோடு எரிந்து விழுவேன். அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன், மறுநாள் அதைக் கூட்டினேன், சந்தையில் பேரம் பேசுகிறவள் மாதிரி.

இரண்டாம் ஆடி வெள்ளி கோவிலுக்குப் போனேன். தீபாராதனை நேரம் நேர்த்தி ஒன்றும் வாயில் வரவில்லை. "அம்மா, எனக்கு இனி ஏலாது. என்ன செய்யிறதெண்டு நீயே சொல்லு" என்று அழுதேன். குரல் ஒன்றும் கேட்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அழுது முடிந்தபோது அந்தப் பலகை மட்டுமே மனதில் நின்றது.

வந்ததும் சேலையோடேயே அதைத் தூக்கிவந்து முன் புல்லில் நட்டேன். "ஆடி வெள்ளியிலயோ? உமக்கென்ன விசரோ?" என்றார் கணவர்.

"ஓம், விசர்தான்."

அரை மணித்தியாலம் ஆகவில்லை. எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கும் மரி-ரோஸ் ஓடிவந்து கதவைத் தட்டினாள். ஹெயிட்டிக்காரி, முதியோர் இல்லத்தில் வேலை. பலகையைக் கண்டதாகவும், வீட்டைத் தானே வாங்குவதாகவும் சொன்னாள். மூன்றாம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தானது. வங்கி கடன் தந்தது. தவணைக்கு இரண்டு நாள் இருக்க வரியைக் கட்டினோம்.

கையெழுத்து முடிந்ததும் மரி-ரோஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னாள். வீட்டுக்காரர் எழும்பச் சொன்ன நாள் முதல், பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறாமல் இதே வீதியில் ஒரு வீடு கிடைக்க வேண்டும் என்று தன் தேவாலயத்தில் மன்றாடி வந்தாளாம். சித்திரையிலிருந்தே.

எனக்குப் பெரிய வெட்கமாகிவிட்டது. நான் அழுத நாளெல்லாம் அவளும் அழுதிருக்கிறாள். அவளுடைய வீட்டைப் பொத்திவைத்திருந்தவள் நான்.

அம்மனுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் காணாது. இப்போது நான் அவளோடு பேரம் பேசுவதில்லை. தவித்துக்கொண்டிருப்பவர்களே, நீங்களும் அவளிடம் கேளுங்கள், தருவாள். கேட்டுவிட்டு, எதிர்வீட்டில் யார் என்ன கேட்டு அழுகிறார்கள் என்றும் ஒருமுறை பாருங்கள்.